ஒரு சுழி

நோட்டரி சாப்பிடப் போயிருந்தார்.
ஸ்டூலில் இருந்த பையன் நிமிராமலே சொன்னான்:
ரெண்டரைக்கு வாங்கக்கா.

பாரிமுனையில் ஒரு மணி வெயில்.
மீன்பாடி வண்டியில் காகிதக் கட்டு,
கட்டின் மேல் ஒருவன், அவன் மடியில் அவன் சோறு.
ஹாரன்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
பிராட்வே பக்கம் போயின.
என் கையில் பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் என் வீட்டுக்காரரின் இறப்புச் சான்று.
அதில் அவர் பெயர் தனிகாசலம்.

தணிகாசலம். மூன்று சுழி.
யாரோ கம்ப்யூட்டரில் ஒரு சுழியை விட்டுவிட்டார்கள்.
மலையின் பேரைத் தனிமையின் பேராக்கி
பச்சை மையில் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

வங்கியில் அந்தப் பெண் நல்லவள்தான்.
இவரும் அவரும் ஒருத்தர்தான்னு
பத்திரத்துல எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, என்றாள்.

எங்கள் கல்யாணப் பத்திரிகையிலும் இதே பிழை.
துறைமுகத்தில் பெட்டிகளை எண்ணிவிட்டு வந்து
ராத்திரி உட்கார்ந்து
நானூறு பத்திரிகையிலும்
நீலப் பேனாவால் ஒவ்வொரு சுழி சேர்த்தாராம்.
என்னிடம் இருப்பதில் அது
கொசு கடித்து வீங்கின மாதிரி இருக்கும்.

முத்திரை விழுந்த காகிதத்தில் அப்படிச் செய்யக் கூடாது.
நேற்று ராத்திரி பேனாவை எடுத்தேன்.
மூடி வைத்துவிட்டேன்.

நிழலுக்குத்தான் நுழைந்தேன்.
அரண்மனைக்காரன் தெரு.
இருபத்தாறு வருஷமாக இந்த வழி போகிறேன்,
எந்த அரண்மனை என்று கேட்டதில்லை.
பாதி திறந்த மரக்கதவு.
காலை வைத்ததும்
யாரோ பின்னாலிருந்து காதைப் பொத்தின மாதிரி.

அலரி மரம். உதிர்ந்த பூவைக் கூட்டாத முற்றம்.
சின்ன ஆலயம், சுண்ணாம்பு வெள்ளை.
தரை முழுக்கக் கல்லறைகள்,
ஓரமாக நடக்கலாம் என்றால் ஓரம் இல்லை.
செருப்பைக் கழற்றினேன்.
கல் சுட்டது.
சுட்டதால் வேகமாக மிதித்தேன், அதற்கும் கூச்சமாக இருந்தது.

ஒரு கல்லின் அருகே குந்தினேன்.
கொக்கி கொக்கியாக எழுத்து, குடையை வரிசையாகச் சாத்தின மாதிரி.
விரலை வைத்துக்கொண்டே போனேன்.
எங்கே பேர் முடிகிறது, எங்கே அழுகை தொடங்குகிறது
தெரியவில்லை.

இதுல என்ன எழுதியிருக்கு?

பேருதான். வேற என்ன எழுதுவாங்க, என்றார் காவலாளி.
தன் பேர் சவரிமுத்து என்றார்.
அரண்மனையெல்லாம் கிடையாதும்மா,
ஆர்மீனியன் தெரு. நம்ம ஜனங்க வாய்க்கு வரல.

சிரித்துவிட்டேன்.
நாலு மாதத்தில் முதல் தடவை,
அதுவும் ஒரு கல்லறை மேல்.

கப்பலேறி வந்து, முத்தும் பட்டும் விற்று,
பிள்ளையைப் பறிகொடுத்து, கோயில் கட்டி,
இங்கேயே படுத்தவர்களை
ஒரு வாய் அப்படியே ராஜாக்களாக்கிவிட்டதே.
யார் போய் அபிடவிட் போட்டது?
மேற்படி அரண்மனைக்காரரும்
மேற்படி ஆர்மீனியரும் ஒருவரே என்று
உறுதியாகவும் உண்மையாகவும்
யார் எந்த இருபது ரூபாய்த் தாளில்?

உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
கும்பிடத் தெரியாத சாமி.
சும்மா இருக்கும் மணிக்கயிறு.
ஒரு தவிட்டுக்குருவி ஜன்னல் வழியாக வந்து
தப்பான இடம் என்று திரும்பிப் போனது.
அழுவேன் என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன்.

ஏம்மா, நோட்டுல எழுதிட்டுப் போங்க.

நீள நோட்டு. பேர், ஊர், எத்தனை பேர்.
தணிகாசலம் என்று முதலில் எழுதினேன்,
மூன்று சுழியும் நிறுத்தி, நிதானமாக.
அதன் கீழே குமுதவல்லி.
ஊர் கொருக்குப்பேட்டை.
பேர் இரண்டு.

சவரிமுத்து நோட்டைப் பார்த்தார்.
என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார், மரத்தடியில் பார்த்தார்.
பூட்டற நேரம், என்றார். அவரையும் கூப்பிடுங்க.

கூப்பிடவில்லை.
இருக்கட்டும், வெயில் தாழ வரட்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.
நோட்டரி வந்திருந்தார்,
பல்லிடுக்கில் குச்சியோடு
பேரைச் சொல்லுங்க, என்றார்.